ஹெப்பகோடியில் பச்சைக் கோடு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா ஒரு புது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் சந்துக்குள் வந்தாள். ஹேண்டில்பாரில் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. வாசலில் நிறுத்தி, ஸ்டாண்டைக் காலால் இரண்டு முறை உதைத்துப் பார்த்துவிட்டு, அது மசியாததால் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"இன்னாம்மா இது?" என்றேன்.

"கம்பெனில குடுத்தாங்கடி. ஓசி. திங்கக்கெழமலேருந்து நமக்கு கம்பெனி பஸ்ஸு கெடையாது. ஆறு கிலோமீட்டருக்குள்ள கீறவங்க எல்லாம் சைக்கிள்லதான் வரணுமாம். சைக்கிளோட வந்தாத்தான் கேட்ல அட்டென்டன்ஸு போடுவாங்களாம்."

"எந்த ரோட்ல போவீங்க?"

"வேற எந்த ரோடு கீது? ஓசூர் ரோடுதான். கேன்டீன்ல பெருசா மேப்பு ஒட்டிக்கீறாங்க யசோ. நம்ம ரோடு பச்சையா கீது. கீழ மூலையில உன் பேரு. நான் எழுத்துக்கூட்டிப் படிச்சி எல்லாருக்கும் காட்டினேன். சந்திரம்மாக்கா பயந்துக்கினு சைக்கிளே வாணாம்னாங்க. நான்தான் சொன்னேன், இது என் பொண்ணு போட்ட மேப்பு, அவ பச்சைன்னா பச்சைதான்னு. அப்பறம்தான் நாப்பது பேரும் கையெழுத்துப் போட்டு சைக்கிள் வாங்கினாங்க."

நான் சைக்கிளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.  

என் பெயர் யசோதா. பெங்களூர் ஜெயநகரில் ஒரு சின்ன கன்சல்டன்சி ஆபீசில் மேப்பிங் சாஃப்ட்வேரில் உட்கார்ந்து ரோடுகளுக்கு நிறம் போடுவது என் வேலை. அம்மா எல்லம்மா, எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் காலர் தைக்கிறாள். அந்த வேலைக்காகத்தான் நீலசந்திராவிலிருந்து ஹெப்பகோடிக்கு வந்தோம். அப்பா இல்லை. ஒரே அறை, சுவரில் ஒரு புத்தர் படம், அதற்குக் கீழே அம்மாவின் மாத்திரை டப்பா.

அந்தக் கார்மெண்ட்ஸ் கம்பெனியிடம் துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் புகையைக் குறைக்கச் சொன்னார்களாம். உடனே இவர்களுக்கு சைக்கிள் மேல் காதல் வந்துவிட்டது. கம்பெனியைச் சுற்றி ஆறு கிலோமீட்டருக்குள் எந்த ரோடு சைக்கிளுக்கு ஏற்றது என்று பார்த்துச் சொல்லும் வேலை எங்கள் ஆபீசுக்கு வந்தது. நான் உள்ளூர்க்காரி என்று என்னிடமே கொடுத்தார்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்களே, அதை நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தேன்.

வேலை இதுதான். ரோட்டைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் ஓரப் பாதை எத்தனை அடி, மணிக்கு எத்தனை வண்டி போகிறது, அதில் லாரியும் பஸ்ஸும் எத்தனை, ஓரத்தில் வண்டி நிறுத்துகிறார்களா, தார் எப்படி இருக்கிறது என்று எண்களைப் போட வேண்டும். சாஃப்ட்வேர் கணக்குப் பார்த்து நிறம் கொடுக்கும். பச்சை என்றால் தாராளமாக சைக்கிள் ஓட்டலாம். மஞ்சள் என்றால் பார்த்துப் போக வேண்டும். சிவப்பென்றால் உயிர்மேல் ஆசை உள்ளவர்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது.

ஓசூர் ரோடு எந்த நிறம் என்று சொல்ல சாஃப்ட்வேர் எதற்கு? அந்த 2007-ல் மேம்பால வேலைக்கு மண் ஏற்றிப் போகும் டிப்பர்களும், ஓசூரிலிருந்து வரும் கன்டெய்னர் லாரிகளும், கம்பெனி பஸ்களும், தண்ணீர் டேங்கர்களும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு ஓடின. ரோட்டைக் கடக்கிறவர்கள் சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் கடப்பார்கள். அப்படிப்பட்ட ரோடு என் மேப்பில் மட்டும் பச்சையாக வந்ததற்குக் காரணம் பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி.

அன்றைக்குத் திங்கட்கிழமை, காவிரி பந்த். பெங்களூரில் காவிரி பந்த் என்றால் எங்களைப் போன்ற தமிழ்க்காரர்கள் முந்தின நாளே பாலும் காய்கறியும் வாங்கிப் போட்டுக் கதவைச் சாத்திக்கொள்வோம். போனில்கூட மெதுவாகத்தான் பேசுவோம். காலை ஆறு மணிக்கு எங்கள் டைரக்டர் ஆராவமுதன் சாரிடமிருந்து போன் வந்தது.

"யசோதா, எல்லா ரோடும் முடிஞ்சாச்சு. ஓசூர் ரோடு கவுன்ட் ஒண்ணுதான் பாக்கி. நாளன்னிக்கு ரிப்போர்ட் கொடுத்தாகணும். பசங்க யாரும் வெளில வரமாட்டேங்கறா. நீ அங்கயேதானே இருக்கே, ரெண்டு மணி நேரம் நின்னு எண்ணிடேன்."

"சார், இன்னிக்கு பந்த். வண்டியே வராது."

"தெரியும்மா. தேதிய மட்டும் நாளைக்குப் போட்டுடு. ஒரு நாள் முன்ன பின்ன இருந்தா என்ன ஆயிடப்போறது?"

மார்ச்சில் என்னை நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். போனேன். ஏழிலிருந்து ஒன்பது மணி வரை ஹெப்பகோடி பஸ் ஸ்டாப்பில் அட்டையும் பேனாவுமாக நின்றேன். நடு ரோட்டில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். கொடி கட்டிய பைக்கில் நான்கு பேர் வந்து, "ஏன் பரீத்தித்தியம்மா?" என்று நான் எழுதுவதைப் பார்த்துக் கேட்டார்கள்.  "சர்வே சார்" என்று கன்னடத்திலேயே பேசிச் சமாளித்தேன். "நினகே ரஜா இல்வா?" என்று லீவு இல்லாத என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். தமிழ்நாட்டு லாரிகளெல்லாம் எல்லை ஊரான அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டன. நான் எண்ணியது அறுபத்தொரு பைக், ஒன்பது கார், நான்கு போலீஸ் ஜீப், ஒரு பால் வண்டி, ஒரு ஆம்புலன்ஸ். லாரி பூஜ்யம். பஸ் பூஜ்யம்.

எண்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். லாரி இருக்கும் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால்கூட சாஃப்ட்வேர் தானாக ஒரு சராசரியை எடுத்துக்கொண்டு சிவப்பைக் காட்டியிருக்கும். நான் ஒழுங்கான பெண்ணாகப் பூஜ்யம் போட்டேன். பொய் எழுதியது தேதியில் மட்டும். பன்னிரண்டுக்குப் பதிலாகப் பதின்மூன்று, பக்கத்தில் என் கையெழுத்து. திரையில் ஓசூர் ரோடு புல்வெளி மாதிரி பச்சையாக வந்தபோது நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். இந்த ஊரில் எத்தனையோ ரிப்போர்ட் அலமாரியில் தூங்குகிறது, இதுவும் தூங்கும் என்று நினைத்தேன். ஐந்து மாதம் கழித்து அது எழுந்து சைக்கிள் ஏறி என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் ஆராவமுதன் சார் அறைக்கு முன்னால் நின்றேன். அவர் கெட்டவர் இல்லை. அவர் அப்பா மைசூர் சர்க்காரில் இன்ஜினியராக இருந்தவர். இவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

"சார், அந்த மேப்ப நம்பி திங்கட்கிழமை நாப்பது பொம்பளைங்க ஓசூர் ரோட்ல சைக்கிள்ல போறாங்க. எங்கம்மாவும் போறாங்க. கவுன்ட் பந்த் அன்னிக்கு எடுத்ததுன்னு ஒரு லெட்டர் குடுங்க சார், போதும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

"ஒரு ரோட்டுக்குத் தேதி தப்புன்னு எழுதிக் கொடுத்தா மத்த இருபத்தேழு ரோட்டையும் சந்தேகப்படுவா. அப்புறம் நமக்கு எவன் வேலை கொடுப்பான்? இங்க பதினாலு பேர் இருக்கா யசோதா. அந்த ஷீட்ல இருக்கறது உன் கையெழுத்துதான். முதல்ல போறது உன் வேலையாத்தான் இருக்கும். எனக்கு அது வேண்டாம்மா."

"அப்ப அவங்கள சாகச் சொல்றீங்களா சார்?"

"ஏன் இப்படிப் பேசறே? உங்கம்மாவுக்கு முழங்கால் வலின்னு சொல்வியே. எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்கார். சைக்கிள் ஓட்டக் கூடாதுன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்துடு. அவா சிட்டி பஸ்ல போகட்டும்."

ஒரு நிமிஷம் எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் பட்டது. டாக்டர் பெயரை எழுதி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

என் இடத்துக்குப் போய் ஃபைலைத் திறந்தேன். லாரி கட்டத்தில் பூஜ்யத்தை அழித்து 410 என்று போட்டேன். எண்ணிப் பார்க்காத எண்தான், ஆனால் தினமும் பஸ்ஸுக்கு நின்று பார்த்த கண்ணுக்கு அது அதிகமில்லை. சிவப்பு. பஸ் கட்டத்தையும் மாற்றினேன். இன்னும் அடர்ந்த சிவப்பு. பிரிண்ட் எடுத்து, சுருட்டி, மதியம் இரண்டு பஸ் மாறி அம்மாவின் கம்பெனிக்குப் போனேன்.

எச்.ஆர். மமதா மேடம் என்னை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். மேஜையில் பச்சை மேப்பை விரித்து, பக்கத்தில் என் சிவப்பு மேப்பை வைத்துப் பார்த்தார்.

"ரெண்டுலயும் உங்க பேருதான் இருக்கு. நான் எத நம்பறது, ஹேளி, சொல்லுங்க?"

"இது புது டேட்டா மேடம். அப்டேட் பண்ணது."

"எப்போ எண்ணினீங்க?"

நான் சிவப்பு மேப்பை மறுபடி சுருட்ட ஆரம்பித்தேன். அவர் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். நான் வண்டி எண்ணி எழுதிய தாளின் நகல் அங்கே இருந்தது.

"நோடி, பாருங்க, இதுல பிப்ரவரி பதிமூணு, செவ்வாய்க்கிழமை, காலையில ஏழுலேருந்து ஒன்பது. ஒர்க்கிங் டே. உங்க சைன். இதுல ஏதாவது தப்பு இருக்கா?"

இருக்கிறது என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் தேவைப்பட்டது. வாயைத் திறந்தேன். மார்ச்சில் வந்த நிரந்தர ஆர்டர் ஞாபகத்துக்கு வந்தது. போலி தேதி போட்டவள் என்று பெயர் வந்தால் இந்த ஊரில் வேறு எந்த ஆபீசும் வாசலில்கூட விடாது என்பது ஞாபகத்துக்கு வந்தது.

"தேதி சரிதான் மேடம்" என்றேன்.

"அப்போ உங்க கம்பெனி லெட்டர்ஹெட்ல தாங்க. பார்க்கலாம். பஸ் காண்ட்ராக்ட் நேத்தே கேன்சல் ஆயித்து."

வெளியே வந்து கேட்டுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். செக்யூரிட்டி வந்து யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். இன்னும் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா சந்திலேயே சைக்கிள் பழகிக்கொண்டிருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, குழாயடி வரைக்கும் போய்த் திரும்பினாள். பக்கத்து வீட்டுக்காரிகள் கிண்டல் செய்தார்கள். "எல்லம்மா, ஹெல்மெட் எங்க?" என்றாள் ஒருத்தி. அம்மாவும் சிரித்தாள். உள்ளே வந்து அவள் தண்ணீர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பந்த், தேதி, சார், மேடம், நான் வாய் மூடி வந்தது வரை.

அவள் திட்டவில்லை. திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"சாருக்குத் தெரியும். இப்ப உனக்கு. அம்மா, ஒரு டாக்டர் சர்டிபிகேட் வாங்கித் தரேன். நீ மட்டும் சிட்டி பஸ்ல போ."

"நான் சொல்லி ஏறினவங்க நாப்பது பேரு. அவங்கள ரோட்டுல வுட்டுட்டு நான் பஸ்ல குந்திக்கினு போவணுமா? இன்னா பேச்சு பேசற நீ?"

"அப்ப அவங்ககிட்ட உண்மைய சொல்லிடறேன்."

"சொல்லாத." என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திக் குத்திச் சொரசொரத்துப்போன கை. "யார்கிட்டயும் மூச்சு வுடாத. உன்ன டிப்ளமா படிக்க வைக்க நான் இன்னா பாடு பட்டேன்னு உனக்குத் தெரியாது. நான் முன்னாடி போறேன். ஓரமா, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா, பத்திரமா கூட்டிக்கினு போயிடறேன். வெளிநாட்டுக்காரங்களுக்குக் காட்ட ஒரு மாசம் போட்டோ புடிச்சிட்டா, அவங்களே திரும்பவும் பஸ்ஸு வுட்டுடுவாங்க."

அன்று முழுவதும் நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடவில்லை. செய்த குழம்பு அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு ஹெப்பகோடி பஸ் ஸ்டாப்பில் புது சைக்கிள்கள் வரிசையாக நின்றன. கழுத்தில் அடையாள அட்டை, கேரியரில் சாப்பாட்டுப் பை. சிலருக்கு ஓட்டவே தெரியாது. ஒரு பெண் சைக்கிளைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்தால் முரட்டு மாட்டைப் பிடித்திருப்பதுபோல் இருந்தது. எட்டு மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். ஒரு முறை மூடினால் அன்றைய வேலை போச்சு. மூன்று முறை மூடினால் வேலையே போச்சு. ரோட்டில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தன.

அம்மா வரவேண்டாம் என்று சொல்லியும் நான் வந்திருந்தேன். வெள்ளம் தலைக்கு மேல் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? அவர்களுக்கு முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, யாரும் ஏறாதீங்க. அந்த மேப்பு தப்பு. பந்த் அன்னிக்கு எண்ணினது. லாரியே ஓடாத அன்னிக்கு எண்ணிட்டு மறுநாள் தேதி போட்டேன். நான்தான் போட்டேன்."

லாரி சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் கத்திச் சொன்னேன். சந்திரம்மாக்கா முன்னால் வந்தார். அறுபதை நெருங்கும் வயது, பட்டன் செக்ஷன்.

"இந்த ரோடு எப்படின்னு எங்களுக்குத் தெரியாதாம்மா? என் வூட்டுக்காரருக்குக் கால் போனதே தோ, அந்த வளைவுலதான்."

"அப்பறம் ஏங்க்கா கையெழுத்துப் போட்டீங்க?"

"பயமா கீதுன்னு மேடத்துகிட்ட சொன்னோம். மேப்புல பச்சைதானேன்னாங்க. எங்க வாய்க்கு மதிப்பு கெடையாது, காகிதத்துக்குதான் மதிப்பு. உன் காகிதத்த நம்பி ஏறினோம்னு நெனச்சியா? அதுக்குப் பயந்து ஏறினோம்."

என்னை யாரும் அதைவிடப் பலமாக அறைந்ததில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து, சைக்கிள் சீட்டின்மேல் வைத்து எழுதினேன். வாகனக் கணக்கு பந்த் அன்று எடுக்கப்பட்டது, தேதி பொய், இந்த ரோடு சைக்கிளுக்கு ஏற்றதல்ல, ஆபத்தானது. ஆங்கிலத்தில் எழுதி, கீழே கன்னடத்திலும் எழுதினேன். கையெழுத்துப் போடக் குனிந்தபோது அம்மா வந்து தாளைப் பிடுங்கினாள்.

"இவளுக்குக் கம்ப்யூட்டரப் பாத்துப் பாத்து புத்தி கலங்கிப்போச்சி. இவ பேச்சக் கேக்காதீங்க. நேரமாவுது, வாங்கடி."

தாளை நாலாகக் கிழித்துப் போட்டாள். "அம்மா!" என்று கத்தினேன். என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. புடவையைச் செருகிக்கொண்டு, காலைத் தூக்கிப் போட்டு, ரோட்டில் இறங்கிவிட்டாள். அவளைத் தனியாக விட மனமில்லாமல் இரண்டு மூன்று பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். நானும் ஓடினேன். செருப்பு ஒன்று கழன்றுவிட்டது.

நூறு அடிகூடப் போயிருக்க மாட்டாள். பின்னாலிருந்து ஒரு மண் டிப்பர் வந்தது. ஹாரன் அடித்தது. அம்மா ஓரமாக ஒதுங்கினாள். அங்கே தார் முடிந்து ஒரு சாண் பள்ளம். முன் சக்கரம் பள்ளத்தில் இறங்க, சைக்கிள் ரோட்டுப் பக்கம் விழுந்தது, அம்மா மண் பக்கம் விழுந்தாள். எந்தப் பக்கம் விழுவது என்று யாராலும் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. டிப்பரின் பின் சக்கரம் சைக்கிள்மேல் ஏறி இறங்கிப் போனது. டிரைவர் நிறுத்தவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்குமா என்றுகூடச் சந்தேகம்.

ஓடிப்போய் அவளைத் தூக்கி உட்கார வைத்தேன். உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன. உதட்டில் ரத்தம். கை, கால், தலை என்று தடவிப் பார்த்தேன். பைத்தியம்போல அம்மா, அம்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் அப்பளமாகக் கிடந்த சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பஸ் ஸ்டாப்பிலிருந்து சைக்கிள்களோடு வந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்தாள். அதில் பாதிப் பேர் என்னைவிடச் சின்னவர்கள்.

"எழுது" என்றாள்.

"முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா."

"எழுதுடி. இந்த வாட்டி தேதிய சரியா போடு."

ரோட்டோரத்தில் மண்டியிட்டு மறுபடி எழுதினேன். மண்மேல் நோட்டை வைத்து எழுதியதில் எழுத்து கோணலாக வந்தது. பிப்ரவரி பன்னிரண்டு, திங்கட்கிழமை, பந்த். கீழே என் முழுப் பெயர், ஆபீஸ் பெயர், கையெழுத்து. அம்மா அதை வாங்கி, ரத்தம் படாமல் இரண்டு விரலால் பிடித்து, சந்திரம்மாக்காவிடம் நீட்டினாள். அவருக்குப் படிக்கத் தெரியாது. என் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் கேட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டார்.

அம்மா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தாள். எங்களுக்குப் பின்னால் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு எல்லோரும் நடந்தார்கள். இன்னும் நாலு கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. எட்டு மணிக்குள் போய்ச் சேர முடியாது என்று அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்திகூட ஏறவில்லை.